சங்கத்தின் குறிப்பேடும் எளிய விக்கியும்

தமிழகத்துக்கு வெளியே வாழும் அன்பர்களுக்கு, ஒரு குறிப்பேடு தொலைந்த கதையைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறோம்.

நாங்கள் பணியாற்றும் வடநாட்டு நகரத்தில் சிறியதொரு தமிழ்ச் சங்கம் உண்டு. உறுப்பினர்களிற் பலர் மத்திய அரசு ஊழியர்கள். சில ஆண்டுகள் இருந்துவிட்டு மாற்றலாகிச் செல்பவர்கள். சங்கத்தின் செயலாளராக நெடுங்காலம் இருந்த பெரியவர் ஒருவர், நீண்ட கணக்கு நோட்டொன்றில் சங்கத்துக்குத் தெரிந்தவற்றையெல்லாம் எழுதி வைத்திருந்தார். எந்தப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக உள்ளது, காதுகுத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் யாரை அழைப்பது, வாடகை ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கவனித்துப் படிக்க வேண்டும், நள்ளிரவில் இரத்தம் தேவைப்பட்டால் யார் எழுந்து வருவார்கள் என்பன போன்ற செய்திகள் அதில் இருந்தன. அவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, மூட்டை முடிச்சுகளோடு நோட்டும் போயிற்று. சில மாதங்களில் அவர் காலமானார். நோட்டு அகப்படவே இல்லை.

அதன்பின் கைப்பேசிக் குழு வந்தது. கேட்ட கேள்விக்குக் கணப்பொழுதில் விடை கிடைத்தது. ஆனால் மறுநாளே வாழ்த்துச் செய்திகளின் அடியில் அவ்விடை புதைந்தது. ஒருநாள் இரவு, கட்டட வேலைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் இறந்துவிட்டார். உடலை அவருடைய ஊருக்கு அனுப்ப வேண்டும். இறப்புச் சான்றிதழ், காவல் நிலையத்தின் தடையின்மைச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று ஆகியவற்றை எங்கே, எந்த வரிசையில் பெறுவது என்பதை மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் அன்பர் குழுவில் விரிவாக எழுதியிருந்தார். அவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிக் குழுவினின்று விலகியிருந்தார். எங்களிற் பலர் கைப்பேசியை மாற்றியிருந்தோம். அந்த விடை எவரிடமும் இல்லை. விடியும்வரை ஒவ்வொரு வாயிலாக ஏறி இறங்கினோம். இளைஞரின் தாயார் ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தெரிந்த செய்தி தேவைப்பட்ட வேளையில் கிட்டாமற் போனதே அன்று எங்களை வருத்தியது. அதன் பின்னரே ‘விக்கி’ என்பதைப் பற்றி எண்ணத் தொடங்கினோம். எங்களைப் போன்ற சிறு சங்கங்கள் தாராவியிலும் கரோல்பாக்கிலும் இன்னும் பல நகரங்களிலும் இருத்தலால், நாங்கள் கற்றதை இங்கே எடுத்துரைக்கிறோம்.

விக்கி என்பது யாது? பலர் சேர்ந்து எழுதவும் திருத்தவும் இணைப்புகளால் ஒன்றோடொன்று கோக்கவும் கூடிய பக்கங்களின் தொகுதியே விக்கி. இதனை முதன்முதலில் அமைத்தவர் அமெரிக்க நாட்டு மென்பொருள் அறிஞர் வார்ட் கன்னிங்காம். அது பொதுமக்கள் பார்வைக்கு வந்த ஆண்டு 1995. ‘விக்கி’ என்பது ஹவாய் மொழியில் விரைவைக் குறிக்கும் சொல். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ என்னும் சிற்றுந்தின் பெயரை நினைவிற்கொண்டு அவர் அப்பெயரை இட்டார். 2001-ஆம் ஆண்டு தோன்றிய விக்கிப்பீடியாவும், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இந்த முறையில் வளர்ந்தவையே.

அரசு அலுவலகக் கோப்பைக் கையாண்டவர்களுக்கு விக்கியின் இயல்பு எளிதில் விளங்கும். கோப்பின் குறிப்புத்தாளில் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பதில்லை. கீழே தம் கருத்தை எழுதி, நாளிட்டு, கையொப்பமிடுகிறார். யார், எப்போது, என்ன சொன்னார் என்பது பின்னால் வருபவருக்குத் தெரிகிறது. விக்கியின் பக்கத்திலோ திருத்தப்பட்ட வடிவமே முன்னால் தெரியும். ஆயினும் முந்தைய வடிவங்கள் அனைத்தும், திருத்தியவரின் பெயரோடும் நாளோடும் பின்னால் காக்கப்படும். தவறான திருத்தம் நேர்ந்தால் பழைய வடிவத்தை மீட்டுக்கொள்ளலாம். ஆதலின், ‘நான் எழுதிக் கெடுத்துவிடுவேனோ’ என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

இத்தகைய பக்கங்களைப் பிறர் நடத்தும் சேவை ஒன்றில் வைத்துக்கொள்ளலாம். நம் பொறுப்பிலுள்ள வழங்கிக் கணினியிலும் வைத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். ஆனால் ‘காலி செய்’ என்று அவர் சொன்னால் காலி செய்யத்தான் வேண்டும். சொந்த வீட்டில் அந்தக் கவலை இல்லை. ஒழுகும் கூரையை நாமே சரிசெய்ய வேண்டும் என்ற கவலை உண்டு. சொந்த விக்கி வைக்க எண்ணுவோர் இரண்டாவது கவலையை மறந்து, முதலாவது விடுதலையை மட்டும் நினைத்து மகிழ்வதுண்டு. நாங்களும் அப்படித்தான் மகிழ்ந்தோம்.

எங்கள் சங்கத்தில் அப்போது திறமை மிக்க இளம் பொறியாளர் ஒருவர் இருந்தார். பல வசதிகள் நிறைந்த பெரிய மென்பொருளொன்றை அவர் இரண்டே நாளில் நிறுவித் தந்தார். படங்கள், நாட்காட்டி, வண்ண வண்ணமான முகப்பு எல்லாம் இருந்தன. ஓராண்டில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவர் போன பின் மென்பொருளைப் புதுப்பிப்பார் இல்லை. ஒருநாள் வழங்கியின் அடிப்படை மென்பொருள் புதிய பதிப்புக்கு மாற்றப்பட்டது. மறுநாள் எங்கள் முகப்பு வெள்ளைத்தாளாக நின்றது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் எவருக்கும் தெரியவில்லை. தொலைந்த நோட்டைப் போலவே அதுவும் ஆயிற்று. பொறியாளர் மீது குறையில்லை. அவர் இருக்கும்வரை எது நன்றாக ஓடும் என்று பார்த்த நாங்கள், அவர் போன பின் எது ஓடும் என்று கேட்கவில்லை.

ஆதலின் மென்பொருளைத் தேர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். எழுதப் போகிறவர்கள் எத்தனை பேர், எத்தகையோர்? நிறுவியவர் போய்விட்டால், கணினித் தொழிலில் இல்லாத ஒருவர் அதனைக் காக்க இயலுமா? அந்த மென்பொருளே ஒருநாள் நின்றுபோனால், எழுதியவற்றை முழுமையாக வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. புது வீட்டுக்குக் குடிபோகுமுன் கொல்லைக் கதவு திறக்கிறதா என்று பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

இனி, இக்கேள்விகளைக் கையிற்கொண்டு, விலையின்றிக் கிடைக்கும் சில கட்டற்ற மென்பொருள்களைப் பார்ப்போம்.

முதலாவது மீடியாவிக்கி. விக்கிப்பீடியாவை இயக்குவது இதுவே. தமிழ் இடைமுகம் நன்கு அமைந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியோருக்கு இதன் ‘தொகு’ என்னும் பொத்தான் பழைய நண்பன். பல்லாயிரம் பக்கங்களைத் தாங்க வல்லது. ஆயின் பொதுவாக மரியா டிபி போன்ற தரவுத்தளத்தோடு இணைத்தே இதனை நிறுவுவர். எழுதியவை அத்தரவுத்தளத்தின் உள்ளே இருக்கும். குறிப்பிட்ட பக்கத்தை இன்னார் மட்டுமே படிக்கலாம் என்று வரையறுக்கும் நோக்கில் இது அமைக்கப்பட்டதன்று. கல்யாணச் சமையலுக்குரிய அண்டாவில் நால்வருக்குக் காப்பி போடுவது போலாகும், சிறு சங்கத்துக்கு இதனைத் தேர்வது.

இரண்டாவது புக்ஸ்டாக். 2015-இல் தோன்றிய இம்மென்பொருளில் அலமாரி, நூல், அத்தியாயம், பக்கம் என்று வரிசைப்படுத்தும் முறை உண்டு. நூலகம் பழகியவருக்கு உடனே பிடிபடும். கடிதம் தட்டெழுதுவது போலவே எழுதலாம். தனிக் குறியீடுகள் கற்க வேண்டுவதில்லை. இதற்கும் தரவுத்தளம் தேவை. நிறுவுதலும் புதுப்பித்தலும் கட்டளை வரியில் செய்யப்படுபவை. அதனை அறிந்தவர் இருவராவது நிலையாக உள்ள சங்கத்துக்கு இது ஏற்றது.

மூன்றாவது டிட்லிவிக்கி. 2004-இல் ஜெரமி ரஸ்டன் என்பார் வெளியிட்டது. விக்கி முழுவதும் ஒரே கோப்பாக அமைந்திருக்கும். வழங்கியே இல்லாமல், இணையமே இல்லாமல், உலாவியில் திறந்து படிக்கலாம். தனி ஒருவரின் குறிப்புகளுக்கு இது மிகப் பொருத்தமானது. எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் கலைச்சொற்களைச் சீட்டுகளில் எழுதி அடுக்கிவைத்த வேலையை இது அழகாகச் செய்யும். ஆனால் பலர் ஒரே சமயத்தில் எழுதுவதற்கு அந்த ஒற்றைக் கோப்பு இடந்தராது.

நான்காவது டோக்குவிக்கி. ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் கோர் என்பவர் 2004-இல் வெளியிட்டது. இதற்குத் தரவுத்தளம் தேவையில்லை. பி.எச்.பி. என்னும் நிரல்மொழி இயங்கும் சாதாரண வழங்கி இருந்தால் போதும். ஒவ்வொரு பக்கமும் எழுத்து மட்டுமே கொண்ட தனிக் கோப்பாக ஒரு கோப்புறையில் இருக்கும். பழைய வடிவங்கள் சுருக்கப்பட்டு வேறொரு கோப்புறையில் சேரும். அந்தக் கோப்புறைக்கு அவர்கள் ‘அட்டிக்’, அதாவது பரண், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேண்டாதது போல் தோன்றுவதையும் எறியாமல் பரணில் ஏற்றிவைக்கும் நம் வீட்டு வழக்கத்துக்கு இது ஒத்ததே. ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது, மற்றவர் அதே நேரத்தில் கைவைக்காதபடி அப்பக்கம் சிறிது நேரம் பூட்டப்படும். யார் எதைப் படிக்கலாம், எதைத் திருத்தலாம் என்றும் வரையறுக்கலாம்.

நாங்கள் இந்த நான்காவதையே தேர்ந்தோம். காரணம், கொல்லைக் கதவு. நாளை இந்த மென்பொருள் உலகிலிருந்தே மறைந்தாலும், எங்கள் பக்கங்களை எந்தக் கணினியிலும் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து படிக்கலாம். காப்புநகல் எடுக்க நிபுணர் வேண்டா; முழுக் கோப்புறையையும் வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தால் போதும். குறையும் உண்டு. தலைப்பின் இருபுறமும் சமக்குறிகள் இடுவது, இணைப்புக்கு இரட்டைச் சதுர அடைப்புக்குறி இடுவது போன்ற சில குறியீடுகளைக் கற்க வேண்டும். முதியோர் சிலர் தயங்கினர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அமர்ந்து பயின்றபின் தயக்கம் தீர்ந்தது.

பெரியதைத் தேராதது பிழையோ என்று ஐயுறுவோருக்கு ஒன்று கூறுவோம். விக்கிப்பீடியாவே முதல் ஓராண்டு, பக்கங்களைக் கோப்புகளாக வைக்கும் யூஸ்மாட்விக்கி என்னும் எளிய மென்பொருளில்தான் இயங்கியது. கூட்டம் பெருகி அது தாங்காத நிலை வந்தபின், 2002-இல் தரவுத்தளத்தோடு கூடிய மென்பொருளுக்கு மாறிற்று. இன்றைய மீடியாவிக்கி அந்த வழியில் வந்ததே. அவர்களுக்கு நேர்ந்தது போன்ற பெருக்கம் நம் சங்கத்துக்கு நேருமானால், அன்று மாறிக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுவோர் தனியே கவனிக்க வேண்டியவை இரண்டு உள்ளன. முதலாவது, கோப்புப் பெயர். டோக்குவிக்கி பக்கத் தலைப்பையே கோப்புக்குப் பெயராகக் கொள்கிறது. அதன் இயல்பான அமைப்பில் தமிழ் எழுத்துக்கள் அப்படியே பெயரில் இரா; குறியெண் ஒவ்வொன்றும் ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரியும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியெண்களே. ‘தமிழ்நாடு’ என்னும் சொல்லில் 9 குறியெண்கள் உள்ளன. கோப்புப் பெயரிலோ அது 81 குறிகளாகிவிடும். வழங்கிக் கணினிகளில் ஒரு பெயருக்குப் பெரும்பாலும் 255 என்பதே எல்லை. ஆகவே நீண்ட தமிழ்த் தலைப்பு வைத்தால் பக்கம் சேமிக்கப்படாமற் போகலாம். அமைப்புப் பக்கத்தில் கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை ‘யு.டி.எஃப்-8’ என்று மாற்றினால் அதே சொல் 27 இடத்தில் அடங்கும். இதனை முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பின்னர் மாற்றினால் ஏற்கெனவே எழுதிய தமிழ்ப் பக்கங்களை மென்பொருளால் கண்டுகொள்ள இயலாது.

இரண்டாவது, தேடல். நம் மொழியில் சொற்கள் வேற்றுமை உருபேற்று வடிவம் மாறும். எளிய தேடற்பொறிக்கு இலக்கணம் தெரியாது. ‘பள்ளி’ என்று தேடினால் ‘பள்ளியில்’ என்று எழுதிய பக்கம் வாராது; சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி இட்டுத் தேடினால் வரும். ‘வீடு’ என்பதோ ‘வீட்டில்’ என்றாகும்போது நட்சத்திரக் குறியும் உதவாது. ஆதலின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘தேடுசொற்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, வீடு, வாடகை, முன்பணம் என மக்கள் தேடக்கூடிய சொற்களை உருபின்றி எழுதிவைக்கிறோம். இந்தி, ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தில் சேர்க்கிறோம். அவசரத்தில் இருப்பவர் ‘தடையின்மைச் சான்று’ என்று தேடமாட்டார், ‘என்ஓசி’ என்றே தேடுவார்.

நிறுவியதோடு கடமை முடிவதில்லை. எளிய மென்பொருளுக்கும் புதுப்பித்தல் உண்டு. அதை விட்டுவிட்டால் பழைய கதையே திரும்பும். இணைய முகவரியும் வழங்கிக் கணக்கும் தனியொருவர் பெயரிலும் தனியொருவர் மின்னஞ்சலிலும் இருத்தல் ஆகாது. சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டும் நாளைச் சங்கத்தின் கணக்கேட்டில் குறித்துவைக்க வேண்டும். கடவுச்சொற்களை உறையிலிட்டு, தலைவரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாக ஒப்படைக்கலாம். யார் வேண்டுமானாலும் பதிந்து எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் விளம்பரக் குப்பை வந்து நிறையும். உறுப்பினர்க்கு மட்டும் நாமே கணக்குத் தொடங்கித் தருதல் நன்று. இரத்தம் அளிப்போரின் பெயரும் எண்ணும் அவர்கள் இசைவு பெற்றே எழுதப்பட வேண்டும். அவற்றை வெளியார் காணாதபடி பூட்டிய பகுதியில் வைக்க வேண்டும்.

காப்புநகலைப் பற்றி ஒரு சொல். எடுத்து வைத்த நகல் உண்மையில் உதவுமா என்பதை மீட்டுப் பார்த்தே அறிய முடியும். எங்கள் சங்கத்தில் இப்பொறுப்பை இப்போது ஏற்றிருப்பவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். கணினித் தொழிலோடு தொடர்பற்றவர். ஆண்டுக்கு இருமுறை, அந்நகலை வேறொரு கணினியில் இறக்கி, அங்கே விக்கி திறக்கிறதா என்று அவரே சோதிக்கிறார். செய்யும் முறையை ஒரு தாளில் பன்னிரண்டு வரிகளில் எழுதி வைத்திருக்கிறார். தம் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நாளில், அந்த அடுத்தவர் தம் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. மென்பொருளைத் தேர்ந்ததைக் காட்டிலும் இந்த விதியே எங்களை அதிகம் காத்து வருகிறது.

எங்கள் விக்கியில் இன்று நூற்றுக்கும் குறைவான பக்கங்களே உள்ளன. முதலில் எழுதப்பட்ட பக்கத்தின் தலைப்பு ‘உடலை ஊருக்கு அனுப்புதல்’ என்பது. எந்த அலுவலகம், எந்தச் சாளரம், எந்தத் தாளுக்கு எத்தனை படி, இரவில் யாரை எழுப்பலாம் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அதன்பின் இருமுறை அப்பக்கம் தேவைப்பட்டது. இரண்டாம் முறை அதனைத் திறந்து வேலையை முடித்தவர், நகருக்கு வந்து மூன்றே மாதமான ஓர் இளம் பெண். முதலில் அதனை எழுதியவர்கள் எவரையும் அவர் பார்த்ததே இல்லை. வேலை முடிந்த மறுநாள், சாளரத்தின் எண் மாறிவிட்டது என்று ஒரு வரியைத் திருத்தியும் வைத்தார்.

உங்கள் சங்கத்திலும் யாரோ ஒருவர் நினைவிலோ, ஒரு பழைய நோட்டிலோ இத்தகைய செய்திகள் இருக்கும். எந்த மென்பொருள் என்று ஆராய்வதற்கு முன், அவர் அருகில் அமர்ந்து பத்துப் பக்கம் எழுதி வாங்குங்கள். அப்பத்துப் பக்கங்கள் கையிலிருந்தால், எவ்வளவு எளிய மென்பொருள் போதும் என்பது தானே விளங்கும்.